இறக்கத்தில் நீரைக் களைக்க வைத்தல்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வீட்டை விட்டு வெளியேற வேண்டும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் மே மாதம் பிறந்துவிட்டால் இந்த இலக்கங்கள் செய்திகளில் அடிக்கடி அடிபடும். அந்த 75 மில்லிமீற்றர் மலையில் விழுந்த பிறகு எந்த வழியாக, என்ன வேகத்தில் இறங்குகிறது என்பதைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேயர் நிலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் ஏழரை இலட்சம் லீற்றர் தண்ணீர். ஏற்கெனவே நனைந்து ஊறிய மண், தார் ரோட்டு, லயத்துக் கூரைகள் எல்லாம் கலந்த ஒரு சரிவில் அதில் அறுபது வீதம் நிலத்துக்குள் போகாமல் மேலாக ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்குப் பிரித்தால் வினாடிக்கு 125 லீற்றர். மூன்று ஹெக்டேயருக்கு 375 லீற்றர். ஒரு மலைப் பக்கம், அதன் மேல் போகும் ரோட்டு, இரண்டு லயம் சேர்ந்தாலே மூன்று ஹெக்டேயர் ஆகிவிடும். அவ்வளவு தண்ணீரும் பெரும்பாலும் ஒரே கானில்தான் வந்து விழுகிறது. கட்டுரை முழுவதும் இந்த 375 லீற்றரையும், 60 சென்ரிமீற்றர் அகலமான ஒரு கொங்கிரீட் கானையும் நினைவில் வைத்திருங்கள்.

கொங்கிரீட் வருவதற்கு முன்னும் தோட்டங்களில் கான் இருந்தது. கோப்பிக் காலத்திலிருந்தே ‘கான் வெட்டு’ ஆண்களுக்கான முக்கிய வேலைகளில் ஒன்று. புல் பூண்டு இல்லாமல் நிலத்தைத் துடைத்து வைப்பதுதான் நல்ல விவசாயம் என்று நம்பிய துரைமார், பெருமழையில் மேல்மண் முழுவதும் ஆற்றுக்குப் போவதைக் கண்டபோது கண்டெடுத்த பரிகாரம் அது. பிற்காலத்தில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இதை முறைப்படுத்தியது. தலவாக்கலையில் தலைமையகத்தையும் இரத்தினபுரியின் சென். ஜோக்கிம் தோட்டத்தில் தாழ்நாட்டு நிலையத்தையும் கொண்ட நிறுவனம் அது. மலையைச் சுற்றி ஏறத்தாழ சமமட்டமாக ஓடும் குறுக்குக் கான்கள் 120 அடிக்கு ஓர் அடி இறங்க வேண்டும். அவை எல்லாம் மேலிருந்து கீழாக இறங்கும் தலைமைக் கானில் போய்ச் சேர வேண்டும். குறுக்குக் கானுக்குள்ளேயே இடையிடையே குழி வெட்டி, குழிக்கும் குழிக்கும் நடுவில் சிறு வரம்பு விடுவார்கள். தண்ணீர் ஒரு குழியில் தேங்கி, நிரம்பி, வரம்பைத் தாண்டி அடுத்ததில் விழும். மண் குழியிலேயே படிந்துவிடும். மழை விட்டதும் அதை அள்ளித் தேயிலைச் செடியின் அடியில் போட்டார்கள்.

120க்கு 1 என்ற அந்த இலக்கத்தில் ஒரு நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. அதைவிடச் சமமாக இருந்தால் மண் படிந்து கான் அடைபடும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தண்ணீர் கானையே அரித்துவிடும். அமெரிக்கப் பொறியியலாளர்கள் ஃபோர்ட்டியரும் ஸ்கோபியும் 1926இல் வெளியிட்ட பட்டியல் ஒன்று இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. மணல் கலந்த வண்டல் மண் வினாடிக்கு அரை மீற்றர் வேகத்தைத்தான் தாங்கும்; இறுகிய களிமண்ணுக்கு ஒரு மீற்றரைச் சற்றுத் தாண்டலாம். மண்வெட்டியோடு மலையில் நின்றவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்கள் வெட்டிய கான்கள் அதன் எல்லைக்குள்தான் ஓடின.

தலைமைக் கான் மட்டும் எப்போதுமே தலைவலி. மலை எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு செங்குத்தாக அது இறங்கியாக வேண்டும். பழைய தோட்டங்களில் அதற்குக் கருங்கல் பாவினார்கள், ஓரங்களில் புல் வளர்த்தார்கள், முடிந்தால் இயற்கையான ஓடையையே தலைமைக் கானாக வைத்துக்கொண்டார்கள். பிறகு ரோட்டுகளும் புதிய வீட்டுத் திட்டங்களும் வந்தன. அவற்றோடு சீமெந்தும் வந்தது. பலகை அடித்து ஊற்றினால் சில நாளில் கான் தயார், பார்வைக்கும் சுத்தம். மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை நேர்கோடாக, உட்பக்கம் பூசி மெழுகிய கான்கள் யட்டியந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கமெல்லாம் இறங்கின. அந்த மெழுகிய பூச்சில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

திறந்த வாய்க்காலில் ஓடும் நீரின் வேகத்தை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன: சரிவு, நீர் எவ்வளவு ஆழமாகத் திரண்டு ஓடுகிறது, அடித்தளம் எவ்வளவு சொரசொரப்பு. பிரெஞ்சுப் பொறியியலாளர் அந்துவான் ஷெசி 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகருக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயைத் திட்டமிடும்போது முதலில் இதற்கு ஒரு சூத்திரம் கண்டார். அயர்லாந்தில் பொதுவேலைப் பொறியியலாளராக இருந்த ரொபர்ட் மேனிங் 1889இல் முன்வைத்த வடிவத்தைத்தான் உலகம் முழுவதும் இன்று பயன்படுத்துகிறார்கள். அதில் சொரசொரப்புக்கு ஓர் எண் உண்டு. மெழுகிய கொங்கிரீட்டுக்கு 0.013. மண் கானுக்கும், கரடுமுரடாகக் கல் பாவிய கானுக்கும் 0.03 அளவில் வரும். எண் சிறிதாக இருந்தால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்று பொருள்.

நம் 375 லீற்றரை 120க்கு 1 சரிவில் உள்ள கொங்கிரீட் கானில் விட்டால் 31 சென்ரிமீற்றர் ஆழத்தில், வினாடிக்கு 2 மீற்றர் வேகத்தில் ஓடும். அதே தண்ணீரை, அதே கானில், நாலுக்கு ஒன்று என்ற சரிவில் விடுங்கள். சப்ரகமுவ மலைகளில் நாலுக்கு ஒன்று பெரிய செங்குத்தே இல்லை. ஆழம் 9 சென்ரிமீற்றராகச் சுருங்கி, வேகம் வினாடிக்கு 6.6 மீற்றராக எகிறுகிறது. மணிக்கு ஏறத்தாழ 24 கிலோமீற்றர். இந்த வேகத்தைப் பிடிக்க நீண்ட தூரமும் வேண்டாம். 20 மீற்றர் ஓடினாலே கிட்டத்தட்ட வந்துவிடும்.

இங்கே ஒரு கண்மயக்கு இருக்கிறது. செங்குத்தான கானில் தண்ணீர் கணுக்காலைத் தொடும் ஆழத்தில்தான் தெரியும். ‘இவ்வளவு பெரிய மழையிலும் கான் கால்வாசிதான் நிறைகிறது, நல்ல கான்’ என்று பாராட்டுவார்கள். ஆழம் குறைந்ததற்குக் காரணம் வேகம். அந்த ஒன்பது சென்ரிமீற்றருக்குள் ஓடும் ஒவ்வொரு லீற்றரின் இயக்க ஆற்றல், முப்பத்தொரு சென்ரிமீற்றர் ஆழத்தில் மெதுவாக ஓடிய ஒரு லீற்றருக்கு இருந்ததைவிடப் பத்து மடங்கு. அதில் கால் வைத்தால் ஆளை இழுத்துக்கொண்டு போகும்.

நூறு மீற்றர் கானில் தண்ணீர் 25 மீற்றர் இறங்குகிறது. வினாடிக்கு 375 லீற்றர் 25 மீற்றர் விழுந்தால் அதன் வலு 92 கிலோவாட், அதாவது 120 குதிரைவலுவுக்கு மேல். இதே மலைத் தண்ணீரைக் குழாயில் இறக்கித்தான் ஒரு காலத்தில் பல தேயிலைத் தொழிற்சாலைகள் தங்கள் இயந்திரங்களைச் சுழற்றின. சப்ரகமுவக் கிராமங்களில் சிறு நீர்மின் நிலையங்கள் விளக்கேற்றியதும் இதே வலுவில்தான். கானுக்குள் சுழலி ஒன்றும் இல்லை. ஆகவே அந்த வலுவில் உராய்வில் கரைந்தது போக மிஞ்சுவது வேறு ஏதாவது ஒன்றை உடைத்துத்தான் தீர வேண்டும்.

எதை உடைக்கும்? ஓடும் நீர் உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை, வேகத்தின் ஆறாம் அடுக்கோடு கூடுகிறது என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்ட விதி. வேகம் இரு மடங்கானால் 64 மடங்கு எடையுள்ள கல். மும்மடங்கானால் 729 மடங்கு. இயல்பாக ஓடும்போது கூழாங்கல்லை நகர்த்தும் தண்ணீர் மூன்று மடங்கு வேகத்தில் பாறாங்கல்லை உருட்டும். இரத்தினபுரிக்காரர்களுக்கு இந்த விதியை விளக்கத் தேவையில்லை. அவர்கள் மாணிக்கக் குழியில் தோண்டி எடுக்கும் இல்லம் என்ற சரளைப் படை அப்படி உருவானதுதான். மலையிலிருந்து பாய்ந்து வந்த நீர் பள்ளத்தாக்கில் வேகம் இழந்த இடத்தில் கனமானதை முதலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. நீலக்கல்லும் புஷ்பராகமும் சாதாரண மணலைவிட அடர்த்தியானவை என்பதால் அந்தப் படையில் சேர்ந்தன. வேகம் கூடிய இடத்தில் நீர் எடுக்கும், குறைந்த இடத்தில் கொடுக்கும். கானின் அடிவாரத்தில் அது எடுக்கும் பக்கம்தான் நம் கவலை.

செங்குத்துக் கானில் இன்னொரு விநோதமும் உண்டு. பெருமழையில் தார் ரோட்டு இறக்கத்தில் தண்ணீர் மெல்லிய படலமாக ஓடும்போது உற்றுப் பார்த்தால், அது ஒரே சீராக ஓடாது. குறுக்கே வரிவரியாக அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வரும். உருளலைகள் என்கிறார்கள். ஆல்ப்ஸ் மலையின் கல்பாவிய கால்வாய்களில் இவற்றை வோன் கோர்னிஷ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படம்பிடித்தார்; ஹெரோல்ட் ஜெஃப்ரீஸ் 1925இல் கணிதம் சொன்னார். ஓட்டம் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் சீரான ஓட்டம் தானாகவே குலைந்து அலைகளாகிவிடும். சராசரி ஆழம் 9 சென்ரிமீற்றர் என்று நம்பிக் கட்டிய கானில் அலையின் முகடு அதைவிட வெகு உயரமாக வரும். காற்றும் கலந்து தண்ணீர் வெள்ளை நுரையாகப் பொங்கும்.

வளைவுகளோ இன்னும் மோசம். மூன்று மீற்றர் ஆரையில் கான் திரும்புகிறது என்று வையுங்கள். 2 மீற்றர் வேகத்தில் வரும் நீர் வெளிச்சுவரில் உள்சுவரைவிட 8 சென்ரிமீற்றர் உயர்ந்து திரும்பிவிடும். 6.6 மீற்றர் வேகத்தில் அந்த வித்தியாசம் கணக்குப்படி ஏறக்குறைய 90 சென்ரிமீற்றர். நம் கானின் சுவர் அவ்வளவு உயரமே இல்லை. தண்ணீர் வளையாது, நேராக வெளியே பாயும். எங்கே பாயும் என்பது அந்த வளைவுக்குக் கீழே யார் வீடு கட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. லயத்தைச் சுற்றிப் போக வேண்டும் என்பதற்காகவே பல கான்கள் சரியாக லயத்துக்கு மேலே வளைகின்றன.

சரி, என்ன செய்யலாம்? கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்து இறக்கத்தில் இறங்குபவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஓடமாட்டார்கள். ஒவ்வோர் அடியிலும் பாரத்தைக் காலில் வாங்கி, நிறுத்தி, அடுத்த அடியை வைப்பார்கள். தண்ணீரையும் அப்படி இறங்க வைக்க வேண்டும். 25 மீற்றர் இறங்கினால் அந்த 25 மீற்றருக்கான ஆற்றலை எப்படியும் செலவழித்தாக வேண்டும். வழி நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பதா, ஒரு பங்கைச் சேர்த்து வைத்து அடியில் ஒரே அடியாகக் கொட்டுவதா என்பதுதான் கான் கட்டுபவர் எடுக்க வேண்டிய முடிவு.

முதல் வழி மிகவும் மலிவானது: மெழுகாதீர்கள். அடித்தளத்தில் கருங்கல்லைப் பாதி புதைத்து, பாதி துருத்திக்கொண்டிருக்கும்படி பதித்தால் மேனிங்கின் எண் 0.03 அளவுக்கு ஏறும். அதே நாலுக்கு ஒன்று சரிவில் நம் 375 லீற்றரின் வேகம் 6.6இலிருந்து 3.7 மீற்றராக இறங்கும். ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு. விலையாகக் கொடுப்பது ஆழம்: 9 சென்ரிமீற்றர் 17 ஆகும், சுவரை அதற்கேற்ப உயர்த்த வேண்டும். கல்லும் கைவேலையும் சப்ரகமுவவில் கிடைக்காத பொருட்கள் அல்ல. பாஸோ மேசனோ பளபளவென்று பூசிக் கொடுத்தால்தான் வேலை திருப்தி என்று நினைப்பதுதான் தடை. பூசாத கானைப் பார்த்தால் வேலை முடியவில்லை என்று எண்ணிப் பணம் தர மறுக்கும் அதிகாரிகளும் இருப்பார்கள்.

இரண்டாவது வழி படிகள். கானின் அடியைச் சாய்வாக ஊற்றாமல் படிக்கட்டாகக் கட்டுவது. தண்ணீர் கொஞ்சமாக இருக்கும்போது ஒவ்வொரு படியிலும் விழுந்து, உடைந்து, அடுத்த படிக்குப் போகும். வேகம் சேர இடமே இல்லை. தண்ணீர் பெருகும்போது நடப்பது வேறு. நம் 375 லீற்றருக்கு 30 சென்ரிமீற்றர் உயரப் படி சிறியது; தண்ணீர் படிகளின் முனைகளைத் தொட்டுக்கொண்டு மேலாக வழுக்கிப் போகும், படிகளின் மூலைகளில் சுழல்கள் மட்டும் உருளும். பெருமழையில் படிகள் பயனற்றுப் போகின்றன என்று சிலர் சொல்வது இதைப் பார்த்துத்தான். அது சரியல்ல. மூலையில் சுழலும் அந்தத் தண்ணீரை உருட்டிக்கொண்டே இருக்க மேலே ஓடும் நீர் தன் ஆற்றலைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வேகம் 4 மீற்றரைச் சுற்றி நின்றுவிடுகிறது. படியின் மூக்குதான் அடிபடும் இடம். அதற்கு நல்ல கருங்கல்லை வைத்தால் பல காலம் நிற்கும். வெறும் சீமெந்து மூக்கு மணலும் சரளையும் உராய்ந்து சில மழைக்காலங்களில் மழுங்கிவிடும்.

சிலர் கானுக்குள் ஆங்காங்கே குறுக்குச் சுவர் வைத்து நிறுத்தப் பார்க்கிறார்கள். 6 மீற்றர் வேகத்தில் வரும் தண்ணீருக்குக் குறுக்கே தனியாக ஒரு கட்டையை வைத்தால் அது நிற்காது, எகிறிக் குதிக்கும். வைப்பதென்றால் மேலிருந்தே வேகம் சேர விடாமல் நெருக்கமாக வைக்க வேண்டும். நெருக்கமாக வைத்தால் அது கிட்டத்தட்டப் படிக்கட்டு. அப்போது படியாகவே கட்டியிருக்கலாம்.

மூன்றாவது வழி அடிவாரத்தில். எவ்வளவு சொரசொரப்பாக்கினாலும் கொஞ்சம் ஆற்றல் மிஞ்சும். மெழுகிய கானே ஏற்கெனவே இருக்கிறது, உடைத்துக் கட்டப் பணமில்லை என்றால் மிஞ்சுவது அதிகம். இதற்கு இயற்கையே ஓர் உபாயம் வைத்திருக்கிறது. வேகமாக, மெல்லியதாக வரும் நீர் மெதுவான, ஆழமான நீரைச் சந்திக்கும் இடத்தில் திடீரென்று எழும்பிக் கொந்தளிக்கும். நீர்த்தாவல் என்று பெயர். சமையலறைக் குழாயடியில் பாத்திரத் தட்டில் விழும் தண்ணீர் வட்டமாக விரிந்து ஓர் எல்லையில் சட்டென்று தடிப்பதும் இதே வகைதான். இத்தாலியின் டியூரின் நகரில் ஜோர்ஜியோ பிதோனே 1818இலேயே இதை அளந்து எழுதினார். நம் கணக்கில் 9 சென்ரிமீற்றர் ஆழத்தில் 6.6 மீற்றர் வேகத்தில் வரும் நீர், தாவலுக்குப் பின் 87 சென்ரிமீற்றர் ஆழமாகி, வினாடிக்கு முக்கால் மீற்றருக்கும் குறைந்த வேகத்துக்கு வந்துவிடும். ஆற்றலில் அறுபது வீதம் அந்தக் கொந்தளிப்பிலேயே வெப்பமாகக் கரைந்துபோகும். முக்கால் மீற்றர் என்றால் நல்ல மண் தாங்கக்கூடிய வேகம்.

தாவல் எவ்வளவு நன்றாக அமையும் என்பதைக் கப்பல் பொறியியலாளர் வில்லியம் ஃபுரூட்டின் பெயரால் வழங்கும் எண் சொல்லும். அமெரிக்க நீர்வள ஆய்வுகூடங்களில் செய்த சோதனைகளின்படி அந்த எண் 4.5க்கும் 9க்கும் இடையில் இருந்தால் தாவல் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும். நம் கானுக்கு அது ஏறக்குறைய 7. ஆகவே அடிவாரத்தில் ஒரு தணிப்புத் தொட்டி கட்டி, அதன் வெளிவாயில் ஒரு மீற்றர் அளவில் தடுப்புச் சுவர் வைத்தால் தண்ணீர் அங்கேயே அடித்துத் தணியும். தொட்டி குட்டையாக இருந்தால் தாவல் தொட்டிக்கு வெளியே போய்விடும்; ஐந்து மீற்றர் நீளமாவது வேண்டும். ஒரு ‘கச்பிட்’ அளவுக்குச் சதுரக் குழி கட்டிவிட்டு வேலை முடிந்தது என்று போகிறார்கள். அதில் தண்ணீர் சுவரில் மோதி ஆள் உயரத்துக்கு எழும்பி வெளியே விழுவதைத்தான் பிறகு காண்கிறோம்.

இந்த நாட்டுக்கு இந்த யோசனை புதிதல்ல. பழைய குளங்களில் அணைக்கட்டுக்குள் செங்குத்தாக இறக்கிய பிசோகொட்டுவ என்ற கற்கிணறு, குளத்தின் அழுத்தத்தோடு வரும் நீரைக் கட்டுப்படுத்தி வெளியே விடும் அமைப்பு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலைபார்த்த ஹென்றி பார்க்கர் அதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். கலாவெவயிலிருந்து அனுராதபுரத்துக்குப் போகும் யோத எல, முதல் 17 மைலில் மைலுக்கு ஆறு அங்குலம்தான் இறங்குகிறது என்பது பள்ளிப் பாடம். வறண்ட நாட்டுக்காரர்கள் தண்ணீர் நகர்வதற்காகவே யோசித்தார்கள். ஈர மலையில் உள்ளவர்கள் அது நிற்பதற்காக யோசிக்க வேண்டியிருக்கிறது.

தொட்டி கட்டினால் மண் நிறையும். அது குறையல்ல; நிறைய வேண்டும் என்றுதான் கட்டுகிறோம். அள்ளாவிட்டால்தான் குறை. மண் நிறைந்த தொட்டியில் தாவல் நடக்காது. மழை விட்டபின் தேங்கி நிற்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும் என்று சுகாதாரப் பரிசோதகர் வந்து மூடச் சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வெளிச்சுவரின் அடியில் இரண்டு அங்குலத் துளை விட்டால் மழை நின்று சிறிது நேரத்தில் தொட்டி வடிந்துவிடும்.

ரோட்டுக்குக் கீழே போகும் மதகைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதகு உடைவது பெரும்பாலும் தண்ணீர் அதிகம் வந்ததால் அல்ல, வாய் அடைபட்டதால். மேலிருந்து வேகமாக வரும் நீர் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகள், இறப்பர்ச் சருகுகள், பொலித்தீன், கல் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வருகிறது. ஹியூம் குழாயின் வாயில் ஒரு கிளை குறுக்கே மாட்டினால் போதும், மற்றதெல்லாம் அதில் சிக்கிக்கொள்ளும். பிறகு தண்ணீர் ரோட்டின் மேல் ஏறி, சரிவுப் பக்க ஓரத்தை அரித்துக்கொண்டு தனக்கென்று ஒரு புது வழி வெட்டும். வாய்க்கு முன்னால் அகலமான விழுகுழி ஒன்றும், அதற்கு மேல் கானிலேயே சாய்ந்த கம்பித் தட்டி ஒன்றும் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். வெளிவாயில் கம்பி வலைக்குள் கல் அடுக்கிய கேபியன் மெத்தை விரித்தால், குழாயிலிருந்து விழும் நீர் அடிமண்ணைக் குடைந்து ரோட்டையே தொங்கவிடுவதைத் தடுக்கலாம். குழாயையும் கான் அளவுக்குச் செங்குத்தாகப் போடுவது தவறு. உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்க முடியாத இடத்தில் வேகத்தை வளர்ப்பது அது.

இதுவரை சொன்னது மேலே ஓடும் தண்ணீர். எனக்கு அதைவிடப் பெரிய பயம் கீழே இறங்கும் தண்ணீர். 2017 பெப்ரவரி 7ஆம் திகதி கலிபோர்னியாவில், அமெரிக்காவின் மிக உயரமான அணையான ஒரோவிலின் வழிந்தோடி வாய்க்கால் நடுவில் பிளந்தது. சில நாட்களில் கீழேயுள்ள ஊர்களிலிருந்து ஏறத்தாழ 1,88,000 பேரை வெளியேற்ற நேர்ந்தது. பின்னர் ஆராய்ந்த நிபுணர் குழு கண்டது இது: கொங்கிரீட் பலகைகளின் இணைப்புகளிலும் வெடிப்புகளிலும் வேகமாக ஓடிய நீர் புகுந்து, பலகையை அடியிலிருந்து தூக்கிவிட்டது. அந்த இயற்பியலுக்கு அணை என்றும் தோட்டத்துக் கான் என்றும் பேதமில்லை. 6.6 மீற்றர் வேகத்தில் ஓடும் நீர், எதிரே சற்றுத் துருத்திக்கொண்டிருக்கும் ஓர் இணைப்பில் மோதினால் இரண்டு மீற்றருக்கு மேல் தண்ணீர் தேங்கி நின்றால் வரும் அழுத்தம் அந்த வெடிப்புக்குள் போகும். கானின் அடி மூன்று, நான்கு அங்குலத் தடிப்பு. அதைத் தூக்க இது தாராளம். தூக்காவிட்டாலும் நீர் அடியில் புகுந்து மண்ணைக் கரைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கான் அப்படியே இருக்கும், கீழே குகை இருக்கும். இணைப்பில் கீழ்ப்பலகையை ஒரு நூல் தாழ்த்தி வைப்பது, சில மீற்றருக்கு ஒருமுறை அடியில் ஒரு பல்லை மண்ணுக்குள் ஆழமாக இறக்குவது, ஓரங்களில் மண்ணை நன்றாக இடித்து இறுக்குவது — செலவு குறைந்த இந்த மூன்றையும்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

வெடித்த கான், கான் இல்லாததைவிட ஆபத்தானது என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று ஹெக்டேயரில் பரவி விழுந்த மழையை ஒரே கோட்டில் திரட்டி, ஒரே வெடிப்பில் மலைக்குள் செலுத்துகிறோம். சப்ரகமுவச் சரிவுகளில் பல இடங்களில் மேலே இருப்பது பாறையல்ல. பழைய காலத்தில் மேலிருந்து சரிந்து வந்து தங்கிய கல்லும் மண்ணும் கலந்த குவியல். அதற்குள் நீர் ஏறினால் மண்துகள்களை ஒன்றோடொன்று அழுத்தி வைத்திருக்கும் பிடி தளரும். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவின் சாமசர மலை இறங்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போனார்கள். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுப்பஹன தோட்டத்தில் லயத்து வீடுகள் மண்ணுக்குள் போயின. அந்தப் பெருஞ்சரிவுகளை ஒரு கான் உண்டாக்கவுமில்லை, எந்தக் கானும் நிறுத்தியிருக்கப் போவதுமில்லை. நாட்கணக்கில் விடாமல் பெய்த மழை ஆழத்துக்கு இறங்கியதன் விளைவு அது. ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் லயத்துக்குப் பின்னாலும் ரோட்டோரத்திலும் விழும் சிறுசிறு சரிவுகள் வேறு கதை. அவற்றுக்கு மேலே நடந்து பார்த்தால் உடைந்த கானோ, அடைபட்ட மதகோ, எங்கும் போய்ச் சேராமல் சரிவின் நடுவில் முடிந்துபோன கானோ கண்ணில் படுவது வழக்கம்.

சரிவின் நடுவில் முடியும் கான் என்பது கொடுமையான ஒன்று. நிதி அவ்வளவுதான் இருந்தது, அதனால் அத்தோடு நின்றுவிட்டது என்பார்கள். ஓடை வரை கொண்டுபோக முடியாதென்றால் மேலேயே தண்ணீரைப் பிரிப்பது நல்லது. 375 லீற்றரை ஒரே கானில் இறக்குவதற்குப் பதில் குறுக்குக் கான்களை மீண்டும் வெட்டி மூன்று வழியாக மூன்று ஓடைகளுக்குப் பிரித்தால் எந்த இடத்திலும் ஆற்றல் சேராது. இறப்பர் மலைகளில் முன்பு படரவிட்ட மூடுபயிர்கள் திரும்ப வந்தால் ஓடும் பங்கும் குறையும். இலங்கையில் மண் பாதுகாப்புச் சட்டம் 1951லிருந்தே இருக்கிறது. குறுக்குக் கான்கள் மண்மூடிப் போனதற்குச் சட்டம் இல்லாமை காரணமல்ல. ஆட்கூலி மிச்சம் பிடிக்க முதலில் கைவைக்கப்பட்ட வேலைகளில் கான் வேலையும் ஒன்று.

மிச்சமிருப்பது யாருடைய கான் என்ற கேள்வி. மேல் ரோட்டு ஒருவருடையது, நடுவிலுள்ள தேயிலை கம்பனியுடையது, கீழே ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீடு குடியிருப்பவருடையது. ஒரே தண்ணீர் இந்த மூன்றையும் கடக்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு காரணமாகத் தோட்டத்துக்குள் ரோட்டோ கானோ போடச் சபை நிதியைச் செலவிடுவது முப்பது ஆண்டுகள் தடைபட்டிருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபையாலேயே அவர்களின் லயத்துக் கானைத் தொட முடியவில்லை. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதற்குப் பிறகு கான் கட்டுவதற்கு நிதி கேட்க ஓர் இடம் இருக்கிறது. கட்டிய பிறகு பராமரிப்பும் வேண்டும்: ஏப்ரலில் ஒருமுறை, தென்மேல் பருவமழைக்கு முன். செப்டெம்பர் கடைசியில் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன். தொட்டியின் மண்ணை அள்ளி, தட்டியில் சிக்கியதை எடுத்து, வெடிப்புகளுக்குச் சாந்து வைக்க இரண்டு ஆள் போதும். அந்த இரண்டு பேருக்கு யார் பேர் போட்டுக் கூலி கொடுப்பது என்பது மட்டும் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் எழுதப்படுவதில்லை.